ஐந்தாவது பெண்

காரா-புலாக்
மார்ச் 12, 2005

என் அருமைப் புத்தகக்காரிக்கு,

அண்ணி ஜிபார் எழுதுகிறேன். இங்கே மனிதரும் மாடு கன்றும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? குளிருக்குக் காலில் என்ன போடுகிறாய்? நீ ரயிலேறி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஒரு வரி இல்லை. மாஸ்கோவில் காகிதம் விலை அதிகமோ என்னவோ.

நீ கவலைப்படுவாய் என்பதால் கடன் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மறுவாரம், கடன் கம்பெனிக்காரப் பையன் தஸ்தான் வெள்ளைக் காரில் வந்தான். குழுத் தலைவி தமீரா டீச்சர் வீட்டில் எங்களை உட்காரச் சொன்னான். டீச்சர், குல்கான், குல்கானின் தங்கை, நான். ஐந்தாவது நீ; நீ இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும் என்று மறுபடியும் படித்துக் காட்டினான். அப்புறம் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, யாருக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்ல வேண்டுமாம். என் முறை வந்தது. புருஷன் வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் எப்படிச் சொல்வது?

"புத்தகக்காரிக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"அப்படி ஒரு பேரு என் லிஸ்ட்ல இல்லியே அக்கா."

"இவ பதினோரு வருஷமா புருஷன் பேரையே சொன்னதில்ல தம்பி" என்றாள் குல்கான். "ஏங்கன்னு கூப்பிடுவா. அவனும் திரும்பிப் பாப்பான், ஆடும் திரும்பிப் பாக்கும்."

டீச்சர் எனக்குப் பதிலாக உன் பெயரைச் சொன்னார். நான் எழுந்து நின்று தலையாட்டினேன். அது போதும் என்றான்.

பிறகு மாடு பார்க்க வந்தான். என் கடனில் வாங்கிய சிவப்பு மாட்டை நம் கொட்டிலில் காட்டினேன். உன் கடனும் மாட்டுக்கு என்றுதானே எழுதியிருக்கிறது, டிக்கெட்டுக்கும் புரோக்கருக்கும் என்றா எழுத முடியும்? அவன் டீச்சர் வீட்டில் தேநீர் குடித்து முடிப்பதற்குள், உன் அண்ணன் அதே மாட்டைப் பின்பக்கமாக ஓட்டிப் போய் மாமாவின் பழைய கொட்டிலில் கட்டிவிட்டார். தஸ்தான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தான்.

"இந்த மாடு என்னை ஏற்கெனவே எங்கியோ பாத்திருக்கு அக்கா" என்றான். ஆனாலும் எழுதிக்கொண்டான். காரில் ஏறும்போது மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "கல்யாணம், தொட்டில், செத்தவங்களுக்கு விருந்து, எதுக்கும் இந்தப் பணம் போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா அந்தக் குழுவுக்கே அப்புறம் கடன் கிடையாது."

வீடு இன்னும் இறந்துபோன மாமா பெயரில். நிலம் உன் அண்ணன் பெயரில். இந்த மாடுதான் என் பெயரில் இருக்கும் முதல் பொருள். என் மகள் அய்பிகே தினமும் பாலேடு தின்கிறாள். நாலு வயதில் இப்போதுதான் அவளுக்குக் கன்னம் என்று ஒன்று வந்திருக்கிறது.

தவணை மாதம் பத்தாம் தேதி. உன் அண்ணன் பெயருக்கே அனுப்பு. நகரத்து வங்கியில் அவருக்குத்தான் பழக்கம்.

உன் இரண்டு கண்களிலும் முத்தமிடும்,
அண்ணி

*

மாஸ்கோ
ஏப்ரல் 3

அண்ணி,

மாவு படிந்த கையோடு படித்தேன். உங்கள் கடிதத்தில் இப்போது என் விரல்கள் இருக்கின்றன.

ரொட்டித் தொழிற்சாலை. அச்சிலிருந்து ரொட்டியைத் தட்டி எடுக்க வேண்டும். ஒன்று. இன்னொன்று. அறையில் எட்டுப் பெண்கள். ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கிறது. கால்கள் போகின்றன, வருகின்றன. இந்த நகரத்தின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் இலக்கணம் படித்தேன் என்று மேற்பார்வை அம்மாளிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். "புரொபசர், தரையத் தொடைங்க. புரொபசர், அந்த மூலையில ஒரு வாக்கியம் விட்டுப் போச்சு பாருங்க." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்.

சம்பளம் வந்தது. அண்ணன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். தவணைக்கு மேலேயும் இருக்கும். அதில் அய்பிகேவுக்குக் காலணி. மீதியை எடுத்து வையுங்கள். மாதாமாதம் இப்படியே அனுப்பினால் அடுத்த வருடம் படிப்புக்குத் திரும்பிவிடலாம். திரும்பி வரும்போது ஊரில் யாருக்கும் நான் எதுவும் பாக்கி வைத்திருக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

அக்டோபரில் அப்பாவின் முதல் வருட நினைவு விருந்துக்கு வர முடியாது என்று நினைக்கிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

எனக்காக எழுந்து நின்றீர்கள் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்காக இதற்குமுன் யாரும் எழுந்து நின்றதில்லை.

உங்கள் புத்தகக்காரி

*

காரா-புலாக்
ஜூன் 15

என் அருமைப் புத்தகக்காரிக்கு,

மனிதரும் மாடும் நலம். பெண்கள் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். நல்லபடியாக விசாரித்தார்கள் என்று எழுத ஆசை.

ஏப்ரல் பணம் வந்தது. காலணி வாங்கினோம். மே வரவில்லை. ஜூனும் வரவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணே. உடம்பு சரியில்லையா? சம்பளம் பிடித்துவிட்டார்களா? எதுவானாலும் அண்ணியிடம் எழுதலாம்.

பத்தாம் தேதி தஸ்தான் டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஐந்து தவணையும் கைக்கு வராமல் போக மாட்டானாம். அவன் போகாமல் நாங்களும் போகக் கூடாது. மாடு கறக்கிற நேரம் வந்துவிட்டது. எல்லார் வீட்டு மாடும் கத்துகிறது.

"உங்க புத்தகக்காரி ஊரு போயி கதைய மாத்திட்டாளா?" என்று குல்கான் கேட்டாள்.

"வாய மூடுடி" என்றார் டீச்சர்.

"நான் மூடுறேன். மாடு மூடுமா?"

பணம் எடுத்து வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவந்து, பாலேடும் வெண்ணெயும் விற்றுச் சேர்த்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன மாதமும் அப்படித்தான். இப்போது பாலேடு முழுக்கக் கடைக்குப் போகிறது. அய்பிகே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

உன் அண்ணன் மாமாவின் விருந்துக்கு வெட்டக் குதிரை பேசியிருக்கிறாராம். உருளைக்கிழங்கு விற்றும் சொந்தக்காரர்கள் தருவதை வைத்தும் சரிக்கட்டிவிடலாம் என்கிறார். ஆடு போதாதா என்றேன். "எங்கப்பனுக்கு ஆடா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுது. பணம் இல்லாவிட்டாலும் எழுது.

அண்ணி

*

மாஸ்கோ
ஜூலை 8

அண்ணி,

மே மாதம் அனுப்பினேன். ஜூனில் அனுப்பினேன். ஜூலைக்கு நேற்று அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஏப்ரலில் அனுப்பிய அதே தொகை.

இங்கிருந்து போகிறது. அங்கே வரவில்லை. நடுவில் ஏதோ ஒரு கை.

அது யாருடையது என்று எழுதப் பேனா வரவில்லை. அண்ணனிடம் கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள். வங்கியின் தவறாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அய்பிகேவின் கிண்ணத்தை எழுதியிருக்க வேண்டாம். அன்று முழுவதும் ரொட்டியைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தேன்.

புத்தகக்காரி

*

காரா-புலாக்
செப்டம்பர் 2

கேன்ஜே,

இந்தப் பெயரை என் வாய் சொன்னதில்லை. கையும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

உன் அண்ணனிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் விரிப்பிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். சத்தியம் செய்யத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "ஏப்ரலுக்கு அப்புறம் எனக்கு ஒரு காசு வந்திருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்றார். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. என் முன்னால் ரொட்டியைத் தூக்கி நிற்கிற மனுஷனை நம்பவா, எங்கேயோ இருக்கிற உன்னை நம்பவா? நீயே சொல்.

போன சனிக்கிழமை குழுப் பெண்கள் வந்தார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டார், முகத்தைத் தூக்கவில்லை. குல்கான்தான் கொட்டிலுக்குள் வந்தாள்.

"கயித்த நீயே அவுத்து என் கையில குடுத்துடு ஜிபார். நாங்க அவுத்தா களவு மாதிரி இருக்கும்."

"இது என் கடன்ல வாங்குன மாடு. என் தவணை ஒண்ணுகூட நிக்கல."

"உன் தவணை நிக்கல. அவளுது நிக்குது. அவளுக்குப் பொறுப்புன்னு எழுந்து நின்னது நீதானே? என் தங்கச்சியா நின்னா?"

அவிழ்த்துக் கொடுத்தேன். மாடு என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மேய்ச்சலுக்கு என்று நினைத்துக்கொண்டு போயிற்று. அய்பிகே பாலம் வரைக்கும் பின்னால் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். உன் கடன் முழுதும் தீர்ந்தது. என் கடன் அப்படியே இருக்கிறது. இல்லாத மாட்டுக்கு நான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் உன்னை ஓடிப்போனவள் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஜிபார்

*

மாஸ்கோ
செப்டம்பர் 25

அண்ணி,

அனுப்பினேன் என்று இன்னொரு முறை சொல்ல மாட்டேன். ஆகஸ்டிலும் அனுப்பினேன். இனி அனுப்ப மாட்டேன்.

வங்கி ஜன்னலில் இருக்கும் பெண்ணிடம் நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தூரம் அரை நாள். புரிகிறது. ரொட்டி பக்கத்திலேயே இருந்தது.

நான் நாள் முழுக்க ரொட்டியைத் தொடுகிறேன். அது யாரையும் அடிப்பதில்லை. சூடாக இருந்தால் கை சுடும். அவ்வளவுதான்.

மாட்டுக்காக அழுதேன். எனக்காக அழ இடம் இல்லை, எட்டுப் பேர் இருக்கிறோம்.

கேன்ஜே

*

காரா-புலாக்
நவம்பர் 6

என் கண்ணே, என் புத்தகக்காரி,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

மாமாவின் விருந்து முடிந்தது. மூன்று வீடுகளில் ஆட்களை உட்கார வைத்தோம். மழை இல்லை. குதிரைக் கறி கொழுப்போடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் வாயாரச் சொன்னார்கள். குல்கானும் வந்தாள், டீச்சரும் வந்தார். நான் கையால் பரிமாறினேன்.

குதிரை விற்ற தோக்தோ பெரியவர் மேல் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்தார். புறப்படும்போது அவர் பங்குக் கறியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சேணத்தை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"உன் நாத்தனாருக்கு ஆண்டவன் நீண்ட ஆயுசு குடுக்கட்டும்மா. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்பனுக்கு இப்படிச் செய்யுது?"

"என்ன செஞ்சா?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? பாதிக் குதிரை யாரு காசு? நாலு மாசம் ருஷ்யாவுலேர்ந்து அனுப்புனாளே. 'தங்கச்சி அனுப்பும், மாசாமாசம் தந்துடுறேன்'னு உன் வீட்டுக்காரன் சொன்னதாலதான் நான் தவணையில விட்டேன். ஒரு மாசம் தப்பலையே."

பையை அவர் கையில் கொடுத்தேனா, கீழே வைத்தேனா, நினைவில்லை.

எல்லோரும் போன பிறகு உன் அண்ணனைக் கேட்டேன். மறுக்கவில்லை.

"எனக்கா தின்னேன்? என் அப்பனுக்கு. அவளுக்கும்தான் அப்பன்."

"என் மாட்டப் புடிச்சிட்டுப் போனப்ப வாசல்ல நின்னுதானே பாத்தீங்க?"

"அப்ப குதிரைக்குப் பாதி குடுத்தாச்சு. பாதிக் குதிரைய வெட்ட முடியுமா?"

"ரொட்டியத் தூக்கினீங்களே."

"அடிக்கட்டும்னுதானே சொன்னேன். அடிக்கட்டுமே."

சொல்லிவிட்டு அழுதார். பதினோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. நான் நம்ப வேண்டிய ஆளை விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கேட்க வாய் கூசுகிறது. இது நம் மூவருக்குள் இருக்கட்டும். மாமாவின் விருந்தைப் பற்றி ஊரே நல்ல வார்த்தை பேசுகிறது. அது களவுக் குதிரை என்று தெரிந்தால் உன் அண்ணன் தலைநிமிர முடியாது. நாளைக்கு அய்பிகேவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதைத்தான் பேசுவார்கள். நீ தூரத்தில் இருக்கிறாய். உன்னைப் பற்றி ஊர் சொல்வது உன் காதுக்கு வராது. நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும்.

முடிந்தால் மாட்டின் விலையை என் பெயருக்கு அனுப்பு. அவர் பெயருக்கு வேண்டாம்.

உன் அண்ணி

*

மாஸ்கோ
டிசம்பர் 11

அண்ணி,

கடைசி வரை படித்தேன்.

தொழிற்சாலைக்கு போலீஸ் வந்தது. வேலை அனுமதித் தாள் இல்லாதவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். என் தாளுக்குப் பணம் வாங்கிய புரோக்கர் கொடுத்தது போலித் தாள். அதற்குத்தான் அந்தக் கடன், நினைவிருக்கிறதா. இப்போது சந்தையில் அழுகிய உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுக்கிறேன். வசந்தம் வரை என்னிடம் பணம் இல்லை. வந்ததும் மாட்டின் விலையை அனுப்புவேன். உங்கள் பெயருக்கு.

அண்ணன் எடுத்தார். வலிக்கிறது. ஆனால் அவர் எனக்காக ஒருநாளும் எழுந்து நின்றவர் இல்லை. அந்த வலிக்கு நான் பழகியிருக்கிறேன்.

நீங்கள் தெரியாமல் என்னைத் திருடி என்று நினைத்தீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது தெரிந்துகொண்டும், திருடியாகவே இருந்துவிட்டுப் போ என்கிறீர்கள். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அறையில் எனக்கு ஒரு ஆணி மட்டும்தான்.

அப்பாவுக்குக் குதிரை என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஒன்று செய்யுங்கள். பத்தாம் தேதி டீச்சர் வீட்டில், நாலு பேர் முன்னால், தஸ்தான் முன்னால் சொல்லுங்கள்: "கேன்ஜே ஓடவில்லை. அனுப்பினாள். எங்கள் வீடு தின்றது." மூன்று சின்ன வாக்கியங்கள். இலக்கணம் எளிது.

சொன்ன பிறகு எழுதுங்கள். உடனே வந்துவிட மாட்டேன். ஆனால் வருவதற்கு ஒரு ஊர் இருக்கும்.

கேன்ஜே

*

காரா-புலாக்
பிப்ரவரி 19, 2006

என் அருமைப் புத்தகக்காரிக்கு,

பதில் தாமதம். பனி மூடி வழி அடைந்திருந்தது. அது ஒரு காரணம்.

ஜனவரி பத்தாம் தேதி சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். உன் மூன்று வாக்கியத்தையும் மாடில்லாத கொட்டிலில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன் பெயரும் வாயில் வந்தது. வழியில் குல்கான் சேர்ந்துகொண்டாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"குதிரைக் கதையச் சொல்லப் போறியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோக்தோ என் அக்கா வீட்டுச் சம்பந்தி. கோடையிலேயே தெரியும்டி. டீச்சருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா என் மாட்ட ஏன் புடிச்சீங்க?"

"அவளும் உன் வீடு, குதிரையும் உன் வீடு, மாடும் உன் வீடு. வெளியாளு நாங்க எதுக்கு நடுவுல வாயத் தெறக்கணும்? நீயும் தெரிஞ்சுதான் சும்மா இருக்கேன்னு நெனச்சோம்." பிறகு என் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு ரெண்டாவது கடன் ஜிபார். முன்ன விடப் பெருசு. விருந்துக்குப் போன காசுன்னு அவன் காதுல விழுந்தா அஞ்சு பேருக்கும் மூடிட்டுப் போயிடுவான். என் மவன் டிராக்டர் டயருக்குக் காத்துக்கிட்டு இருக்கான். உனக்கு மாடு வேணாமா?"

கூட்டம் தொடங்கியது. எங்கள் குழு ஒரு தவணை தவறாமல் கட்டிய குழு என்று தஸ்தான் கேக் வாங்கி வந்திருந்தான். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். வழக்கமாகக் கேட்பதுதான். டீச்சர் என்னைப் பார்த்தார். குல்கான் பார்க்கவில்லை. அய்பிகே என் மடியில் கேக்கின் க்ரீமை விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை.

உன் இடத்துக்கு டீச்சரின் மருமகளைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். மாடு வந்துவிட்டது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை, சினை. சாது. இதை உன்னிடம் மறைத்து எழுதியிருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை. நீ மாட்டின் விலை அனுப்ப வேண்டாம். அதை உனக்கு வைத்துக்கொள்.

எல்லோருக்கும் தெரியும் கண்ணே. டீச்சருக்கும் தெரியும், குல்கானுக்கும் தெரியும். பிறகு வாய்விட்டுச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? இப்படி நினைத்துக்கொள்கிறேன். நீயும் நினைத்துப் பார்.

எழுது.

அண்ணி

*

காரா-புலாக்
மே 21

என் அருமைப் புத்தகக்காரிக்கு,

மனிதரும் மாடு கன்றும் நலம். கிடேரிக் கன்று. போன கடிதம் உனக்குக் கிடைத்தது என்று நம் பக்கத்து ஆள் ஒருவர் மாஸ்கோவிலிருந்து வந்து சொன்னார். கையில் வாங்கிக்கொண்டாயாம்.

வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். போன வாரம் தஸ்தான் எங்களைக் காரில் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போனான். அங்கே புதிதாக ஆறு குழு தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடம் நிறைய பெண்கள். எல்லோரும் இளசுகள். பாதிப் பேர் இடுப்பில் குழந்தை.

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணு கடன் வாங்கிட்டு ருஷ்யாவுக்கு ஓடிட்டா" என்று அவன் ஆரம்பித்தான். "குழு உடஞ்சிதா? இல்ல. அவளுக்குப் பொறுப்பேத்த அக்கா தன் மாட்டையே குடுத்தாங்க. இன்னிக்கு அவங்க கொட்டில்ல மாடும் இருக்கு, கன்னும் இருக்கு. அந்த அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க."

எழுந்து நில்லுங்கள் என்று கையைக் காட்டினான். எழுந்து நின்றேன்.

முன் வரிசையில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கையைத் தூக்கிக் கேட்டாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க அக்கா இருக்கா?"

"தெரியாதும்மா" என்றேன். அது பொய்யில்லை. நீ பதில் எழுதவில்லையே.

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் தட்டினார். நானும் தட்டினேன்.

அண்ணி ஜிபார்